கொழுந்து கிள்ளுவது போல் எண்ணெய் கிள்ள முடியுமா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



கேமரன் மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தியோடு தொடங்கலாம். 2019 பிப்ரவரியில் மலேசியாவில் வாகனங்களுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் டீசலைக் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. பி10 என்பது இதுதான். அப்போது மூன்று இடங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒன்று கேமரன் மலை, இன்னொன்று கெந்திங் மலை, மூன்றாவது சபாவில் உள்ள குண்டாசாங். இந்த மூன்று இடங்களிலும் பழைய 7 விழுக்காட்டுக் கலவையே தொடர்ந்தது.

ஏன் இந்த விலக்கு? காரணம் குளிர்தான். கேமரன் மலை வீடுகளில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தடவ வேண்டும். செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி அப்படி உறையும் வகைக் கொழுப்புதான். கலப்பில்லாத செம்பனை டீசல் 15 டிகிரி அளவிலேயே இறுகத் தொடங்கிவிடும். தானா ராத்தாவில் விடியற்காலைக் குளிரும் அந்த அளவுதானே! கலவையில் செம்பனையின் பங்கு கூடினால் எஞ்சினின் வடிகட்டி அடைபடுமோ என்ற அச்சத்தில்தான் மலைப் பகுதிகளை விட்டுவைத்தார்கள்.

அப்படியானால் செம்பனையைத் தவிர வேறு எண்ணெய் இல்லையா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு உலகமெங்கும் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் விடை, நுண்பாசி. அந்த விடை எவ்வளவு தூரம் மெய், அதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

தோட்டம் அறிந்த பாசி

தேயிலைத் தோட்டத்தில் பாசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பகைதான். தேயிலை இலையிலும் தண்டிலும் துருப்பிடித்தது போலச் செம்பழுப்புத் திட்டுகள் வருவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். 'ரெட் ரஸ்ட்' என்பார்கள். அது பூஞ்சணம் அல்ல. செஃபலூரஸ் என்ற பச்சைப் பாசி இனம். அதன் பச்சையைச் செம்மஞ்சள் நிறமி மறைத்துவிடுவதால் துரு போலத் தெரிகிறது. உரமும் வடிகாலும் சரியில்லாமல் நலிந்து போன செடியைத்தான் அது அதிகமாகப் பிடிக்கும்.

ஆனால் பாசிக் குடும்பத்தில் எல்லாரும் அப்படி அல்ல. குளோரெல்லா, டுனாலியெல்லா, போட்ரியோகாக்கஸ் என்று கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் பல உண்டு. சூரிய ஒளி, கரியமில வாயு, கொஞ்சம் உப்புச் சத்து, இவை இருந்தால் போதும். குளோரெல்லா ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். நீரில் நைட்ரஜன் சத்துக் குறைந்தால் இந்தப் பாசிகளில் பல, பஞ்ச காலத்துக்கு நெல் சேர்த்து வைக்கும் குடியானவனைப் போல, உடம்புக்குள் எண்ணெயைச் சேர்த்து வைக்கும். காய்ந்த எடையில் 20 முதல் 50 விழுக்காடு வரை எண்ணெயாகவே இருக்கலாம்.

நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசுஃப் சிஸ்டி 2007இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு 5,950 லிட்டர் எண்ணெய் தரும். எடையில் 30 விழுக்காடு எண்ணெய் உள்ள நுண்பாசியை அதே பரப்பில் வளர்த்தால் 58,700 லிட்டர் கிடைக்கும் என்றார். பத்து மடங்கு! காடு அழிக்க வேண்டாம், விளைநிலம் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆசை பிறந்தது.

ஆனால் அது தாளில் போட்ட கணக்கு. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை 18 ஆண்டுகள் பாசி எரிபொருளை ஆராய்ந்து, கட்டுப்படியாகாது என்று திட்டத்தை மூடியது. எக்ஸான் மொபில் நிறுவனம் 2009இல் 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று அறிவித்து இறங்கியது. அதுவும் ஏறத்தாழ 13 ஆண்டுகளுக்குப் பிறகு கைவிட்டதாக 2023 தொடக்கத்தில் செய்தி வந்தது. வளர்ப்பது சுலபம் என்றார்களே, பிறகு ஏன் இந்த நிலை?

கஞ்சியும் அல்ல, களியும் அல்ல

திறந்த குளத்தில் வளரும் பாசி நீரைப் பார்த்தால் கரும்பச்சையாக, கெட்டியாகத் தெரியும். உண்மையில் ஒரு லிட்டரில் அரை கிராம் பாசி இருந்தாலே பெரிது. அதாவது 1,000 லிட்டர் நீரை வடித்தால் அரைக் கிலோ பாசி. அதில் எண்ணெய் 150 கிராம். பாசியை வடித்து, உலர்த்தி, உடைத்து, எண்ணெயைப் பிரிக்க வேண்டும். இதற்கு ஆகும் மின்சாரமும் வெப்பமும், கிடைக்கும் எண்ணெயின் பலனில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகின்றன.

எண்ணெயைப் பிரிக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கரைப்பான் வருகிறது. கரைப்பான் என்றால் புதுப் பொருள் அல்ல. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஒரு கரைப்பான். பெயின்டில் ஊற்றும் தின்னரும் கரைப்பான்தான். சோயா எண்ணெயும் தவிட்டு எண்ணெயும் ஆலைகளில் எடுக்கப்படுவது ஹெக்சேன் என்ற கரைப்பானால். தேயிலையிலிருந்து காஃபீனை நீக்கவும் எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் பயன்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பாசியின் கொழுப்பை அளக்கக் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கலவையைப் பயன்படுத்துவார்கள். 1959இல் கனடாவில் பிளை, டயர் என்ற இருவர் மீன் சதைக்காக வகுத்த முறை அது. இன்றும் வழக்கில் இருக்கிறது.

இந்த முறைகளில் ஒரு பொதுத் தன்மை உண்டு. எண்ணெய் வரும்போது பாசி செத்துவிடும். அடுத்த முறை எண்ணெய் வேண்டுமானால் விதையிலிருந்து மறுபடி வளர்க்க வேண்டும்.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால், கொழுந்து வேண்டும் என்பதற்காகத் தேயிலைச் செடியையே வேரோடு பிடுங்குவது போன்ற வேலை இது. அப்படிச் செய்தால் தோட்டம் நிலைக்குமா? ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நிறை பிடித்துக் கொழுந்து எடுத்த தமிழ்ப் பெண்களின் இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். ஆனால் முறை மாறவில்லை. மேலே வெட்டு, செடியை விட்டுவை. சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும். முறையாகக் கவாத்து செய்த செடி எண்பது ஆண்டுக்கும் மேல் பலன் தரும்.

பாசியிலும் அப்படிக் கிள்ள முடியாதா? விஞ்ஞானிகளும் இதையே கேட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர், பால் கறத்தல்.

எந்தக் கரைப்பான் கொல்லும், எது விட்டுவைக்கும்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன அளவுகோல் போதும். ஒரு பாத்திரத்தில் பாதி நீர், பாதி ஆக்டனால் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள திரவம் ஊற்றுங்கள். அதில் கரைப்பானைச் சிறிது விட்டுக் குலுக்குங்கள். நீரில் ஒரு பங்கு நின்று எண்ணெய்ப் பக்கம் 1,000 பங்கு போனால் அந்தக் கரைப்பானின் எண் 3. பத்து லட்சம் பங்கு போனால் எண் 6. இதற்கு லாக் பி என்று பெயர். எண் ஏற ஏற எண்ணெயோடு உறவு அதிகம், நீரோடு பகை அதிகம். மெத்தனாலும் அசிட்டோனும் பூஜ்யத்துக்குக் கீழே. குளோரோஃபார்ம் 2 அளவில். ஹெக்சேன் 4க்குப் பக்கத்தில். டோடெக்கேன் 6க்கு மேல்.

பாசிச் செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது கொழுப்பால் ஆனது. செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமும் அப்படிப்பட்ட சவ்வுகளின் அடுக்குதான். எண் 2க்கும் 4க்கும் இடையில் உள்ள கரைப்பான்கள் இரண்டு பக்கமும் உறவு வைத்திருப்பவை. நீரில் கொஞ்சம் கரைந்து செல்லை நெருங்கும். நெருங்கியதும் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். சவ்வு தளர்ந்து, உள்ளே இருக்கும் உப்புகள் ஒழுகும். ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். பாசி வெளுத்துச் சாகும்.

எண் மிக உயர்ந்த கரைப்பானோ நீரில் கரையவே கரையாது. மேலே தனி அடுக்காக மிதக்கும். செல்லுக்குள் போதிய அளவு சேராததால் செல் பிழைத்துக்கொள்ளும். மெத்தனால் போலக் கீழ்க்கோடியில் இருப்பவை நீரோடு கலந்தாலும் சவ்வில் குவிவதில்லை. அவை அதிக அளவில் சேர்ந்தால்தான் கெடுதல். சொல்லப்போனால் கிரேக்க நாட்டின் கிரீட் பல்கலைக்கழக ஆய்வுகளில், நல்ல ஒளியில் மிகச் சிறிய அளவு மெத்தனால் சேர்த்தபோது சில பச்சைப் பாசிகள் கூடுதலாகவே வளர்ந்தன. அளவுக்கு மிஞ்சினால்தான் நஞ்சு!

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெஜாசி, வைஃபெல்ஸ் குழுவினர் 2002 முதல் 2004 வரை வெளியிட்ட ஆய்வுகள் இதில் முக்கியமானவை. உப்பளங்களைச் சிவக்கச் செய்யும் டுனாலியெல்லா பாசியை எடுத்துக்கொண்டார்கள். பாசி நீரோடு டோடெக்கேனைச் சேர்த்து ஓட்டினார்கள். பாசிக்குள் இருந்த பீட்டா கரோட்டின் நிறமி கொஞ்சம் கொஞ்சமாக டோடெக்கேனுக்கு ஏறியது. பாசி உயிரோடு இருந்து மறுபடி நிறமி தயாரித்தது. 47 நாட்கள் இந்தக் கறவை நடந்தது! எண் 6க்கு மேற்பட்ட கரைப்பான்களே இந்தப் பாசிக்கு ஏற்றவை என்று கண்டார்கள்.

அதே ஆய்வில்தான் கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. செல்லைக் கொல்லாத கரைப்பானுக்கு இழுக்கும் சக்தி குறைவு. நன்றாக இழுக்கும் கரைப்பான் கொன்றுவிடுகிறது. நல்லவனாக இருந்தால் வேலை நடப்பதில்லை, வேலை நடந்தால் உயிர் மிஞ்சுவதில்லை. பாசி எரிபொருளின் முடிச்சுகளில் இறுக்கமான ஒன்று இங்கேதான் விழுந்திருக்கிறது. கறந்தது நிறமி. விலை உயர்ந்த நிறமிக்கு 47 நாள் பொறுமை கட்டுப்படியாகலாம். லாரி டேங்கில் ஊற்றும் எண்ணெய்க்கு ஆகுமா?

போட்ரியோகாக்கஸ் என்ற பாசி மட்டும் இதில் சற்றே விலக்கு. அது தன் எண்ணெயில் பெரும் பகுதியைச் செல்லுக்கு வெளியே, கூட்டமாக வாழும் செல்களைச் சுற்றிய பசைக்குள் வைத்திருக்கிறது. பிரான்சில் 1989இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹெக்சேனோடு கொஞ்ச நேரம் மட்டும் தொடர்பு கொடுத்து எண்ணெயை எடுத்த பிறகும் அது பிழைத்தது. கொழுந்து கிள்ளுவதற்கு இதைவிட நெருங்கிய உவமை கிடையாது. ஆனால் குளோரெல்லா ஒரு நாளில் வளர்வதை இது வளர்க்க ஒரு வாரம் கேட்கும். அதற்குள் குளத்தில் களைப் பாசி புகுந்துவிடும்.

நீர் போகும் வழி

நேயர்களே, எண்ணெய் எடுத்ததோடு கதை முடிவதில்லை. பாசிக் குளத்து நீரை வீணாக்கக் கூடாது, திரும்பவும் குளத்துக்கே விட வேண்டும். அதில் கரைப்பானின் மிச்சம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறைப் பாசி தொடக்கத்திலேயே நோஞ்சானாகும். எண்ணெய் எடுத்த சக்கையை மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக விற்றால்தான் கணக்கு நேராகும் என்கிறார்கள். கரைப்பான் நாற்றம் போகாத சக்கையை யார் வாங்குவார்கள்?

இது பாசிப் பண்ணைக்கு மட்டும் உரிய கவலை அல்ல. காய்கறித் தோட்டத்தில் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும் பூச்சிமருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மருந்து மட்டும் இல்லை. மருந்தைக் கரைத்து வைக்க சைலீன் போன்ற கரைப்பானும் இருக்கும். சைலீனின் எண் 3. சவ்வைத் துளைக்கும் வரிசையில் உள்ளது. மருந்தின் நச்சுத்தன்மையைப் பாசியின் மேல் சோதிக்கும் விஞ்ஞானிகள், கரைப்பானை மட்டும் கலந்த பாத்திரம் ஒன்றையும் தனியாக வைப்பது இதனால்தான். இல்லாவிட்டால் கொன்றது மருந்தா, கரைப்பானா என்று தெரியாது.

கேமரன் மலையில் சரிவில் தெளித்தது மழையோடு ஓடைக்கு இறங்கும். பெர்த்தாம் ஆற்று நீர், 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரிக்குப் போய்ச் சேரும். ஓடையில் உள்ள பாசிதான் சிறு பூச்சிக்கு உணவு. பூச்சி மீனுக்கு உணவு. பாசியில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை.

மூச்சு யாருடையது?

ஒரு செல்லின் சவ்வைக் கரைக்கும் பொருள் மனிதனை விட்டுவைக்குமா? ஹெக்சேனை நாள்தோறும் சுவாசித்தால் கை, கால் நரம்புகள் மரத்துப்போகும். நடக்கும்போது கால் இழுக்கும். சீனாவின் சூசோ நகரில் 2009இல் கைத்தொலைபேசித் திரைகளைத் துடைக்க ஹெக்சேன் பயன்படுத்திய தொழிற்சாலையில் 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக 2011இல் ஆப்பிள் நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. காற்றோட்டம் சரியில்லாத அறைதான் வினையானது.

தோட்டப் பாட்டாளிகளுக்கு இது புதுக் கதை அல்ல. பாராகுவாட் களைக்கொல்லியைச் சரியான கவசமில்லாமல் தோளில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஐரீன் பெர்னாண்டஸின் தெனகானித்தா அமைப்பு அவர்களின் நிலையை 2002இல் வெளிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை வந்தது. 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் எத்தனை பேரின் தோலும் நகமும் கண்ணும் விலை கொடுத்தன? பசுமை எரிபொருள் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அதைத் தயாரிக்கும் கை பத்திரமாகிவிடாது.

என்ன செய்யலாம்?

பாசியே வேண்டாம் என்பதல்ல முடிவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை பாங் சியூ மோய் குழுவினர் ரப்பர் ஆலைக் கழிவு நீரில் பாசி வளர்த்து நீரைத் தூய்மையாக்கிக் காட்டினார்கள். தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் கடற்பாசிப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றின் அமிலக் கழிவு நீருக்கு, சென்னை விவேகானந்தா பாசித் தொழில்நுட்பக் கழகத்தின் சிவசுப்பிரமணியன் குழுவினர் 2006 முதல் நுண்பாசியைக் கொண்டு வழி கண்டார்கள். சரவாக்கின் கூச்சிங்கில் 2023இல் ஜப்பானின் சித்தோசே குழுமம் 5 ஹெக்டர் பாசிப் பண்ணையைத் திறந்தது. பக்கத்து அனல்மின் நிலையத்தின் கரியமில வாயுதான் அதற்குத் தீனி.

இவற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பாசிக்கு முதல் வேலையாக நீரைச் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். உணவுச் சத்து, நிறமி போன்ற விலை கூடிய பொருளை எடுக்கலாம். எண்ணெயைக் கடைசி வரவாக வைத்துக்கொள்ளலாம். கரைப்பான் இல்லாமல், ஈரப் பாசியையே அழுத்தத்திலும் வெப்பத்திலும் எண்ணெயாக மாற்றும் முறைகளும், அழுத்திய கரியமில வாயுவையே கரைப்பானாக்கும் முறையும் இருக்கின்றன. செலவுதான் இன்னும் தடை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாசி எண்ணெய் என்றாலே குளிரில் உறையாது என்று நினைக்கக் கூடாது. செம்பனையில் உள்ள அதே பால்மிட்டிக் கொழுப்பு பல பாசிகளிலும் உண்டு. உறையாத வகைக் கொழுப்பு அதிகமுள்ள பாசி எண்ணெயோ, சீக்கிரம் காறிப்போகும். பிரிஞ்சாங் லாரிக்குப் பொருத்தமான பாசியைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, நாளை யாராவது பளபளக்கும் கையேட்டோடு மலை ஏறி வந்து, ஒரு ஹெக்டருக்கு இத்தனை ஆயிரம் லிட்டர், பங்கு வாங்குங்கள், நிலம் கொடுங்கள் என்றால் அந்தக் கணக்கைக் கேட்டு மயங்க வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். எண்ணெயை எதைக் கொண்டு பிரிக்கப் போகிறீர்கள்? பிரித்த பிறகு அந்தக் கரைப்பான் எங்கே போகும்? அந்த அறைக்குள் நின்று வேலை செய்கிறவர் எதைச் சுவாசிப்பார்?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். செடியைக் காப்பாற்றிக் கொழுந்து எடுக்கத் தெரிந்த மலை இது. பாசியையும் அதைக் கையாளும் மனிதனையும் காப்பாற்றி எண்ணெய் எடுக்கத் தெரிந்தவர் வரும் வரை, காத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை.